உஷார்! ‘சட்டப்படி சரி’ என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள்

போருக்குக் கிளம்பும் எந்த அரசும் சட்டத்தை மீறப்போவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பாது. கையில் ஒரு சட்டக் கருத்தை வைத்துக்கொண்டுதான் கிளம்பும். அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் வாயடைத்துப் போகாதீர்கள்! இராக் போருக்கு முன் பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள்.

2003 மார்ச் 7. அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித், பிரதமர் டோனி பிளேருக்கு 13 பக்கக் கருத்து கொடுக்கிறார். ஐ.நா. பாதுகாப்பு சபையின் 1441-வது தீர்மானமே போருக்குப் போதும் என்று வாதாட இடம் இருக்கிறது; ஆனால் இன்னொரு தீர்மானம் வாங்குவதுதான் பத்திரமான வழி, வழக்கு வந்தால் கோர்ட் ஏற்கும் என்று உறுதி சொல்வதற்கில்லை. சாரம் இதுதான்.

மார்ச் 17. நாடாளுமன்றத்துக்கு அவர் தந்த பதிலில் போர் சட்டப்படி சரி. ‘ஆனால்’ எல்லாம் காணோம்! அமைச்சரவைக்கே அந்த 13 பக்கத்தைக் காட்டவில்லை. மறுநாள் ஓட்டெடுப்பு: ஆதரவு 412, எதிர்ப்பு 149. 20-ம் தேதி போர் தொடங்கிவிட்டது.

இடையில் நடந்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. முப்படைத் தலைமைத் தளபதி அட்மிரல் பாய்ஸ், மழுப்பாத பதில் வேண்டும் என்று நெருக்கினார். இராக் 1441-ஐ மீறியிருந்தால்தான் அதை வைத்துப் போரைச் சட்டப்படி சரி என்று சொல்ல முடியும். அதனால் மார்ச் 14-ல் அட்டர்னி ஜெனரல் அலுவலகம், இராக் அந்தத் தீர்மானத்தை மேலும் மீறியிருக்கிறது என்பதுதானே பிரதமரின் திடமான கருத்து என்று கடிதம் எழுதிக் கேட்டது. மறுநாளே ஆமாம் என்று பதில். எதை வைத்து பிளேர் அந்த முடிவுக்கு வந்தார் என்பது தெளிவாக இல்லை என்றது இராக் போர் பற்றி 2016-ல் வந்த சில்காட் விசாரணை அறிக்கை. போருக்குப் போகத் துடிப்பவரே சாட்சி, அவர் வாய்வார்த்தையே ஆதாரம்! முன்சீப் கோர்ட்டில்கூட எடுபடாது.

வெளியுறவுத் துறையின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், போர் சட்டப்படி சரி என்பதை ஏற்க முடியாமல் வேலையை உதறினார். 2005-ல் அவருடைய ராஜினாமா கடிதத்தை அரசு வெளியிட்டபோது ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிட்டிருந்தது. எந்தப் பத்தி? அட்டர்னி ஜெனரலின் நிலை மாறியதைச் சொன்ன பத்தி!

ஆகவே, சுருக்கத்தை நம்பாதீர்கள். முழுக் கருத்தையும் கேளுங்கள். அதற்கு முந்தைய கருத்து ஏதும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வக்கீலுக்குத் தகவல் கொடுத்தது யார் என்று குடையுங்கள். ரகசியம் என்பார்கள், பிளேர் அரசும் அதையேதான் சொன்னது. எல்லாவற்றையும் ஓட்டெடுப்புக்கு முன்பே கேட்டுவிடுங்கள். படை களத்தில் இறங்கியபிறகு கேட்டால் தேசத்துரோகி பட்டம்தான் கிடைக்கும்.