ஊதிய அட்டை ஓர் அமானிதம்

உழைத்தவனின் வியர்வை உலருமுன் அவனுடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை. இப்னு மாஜாவில் பதிவாகியுள்ள இந்த நபிமொழியை நம் மதரஸாப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். அக்காலத்தில் கூலி கையிலிருந்து கைக்கு மாறியது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், தொகை எவ்வளவு என்பதில் மயக்கம் இருக்கவில்லை. இன்றோ வளைகுடா நாடுகளில் பாடுபடும் நம் சகோதரர் பலருக்குக் கூலி கைக்கு வருவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டைக்கு வந்து சேர்கிறது. அந்த அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது?

இப்படி நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின், எம்மிடம் ஓதும் ஒரு சிறுமியின் தாயார் மதரஸா வாசலுக்கு வந்தார். அவருடைய கணவர் அமீரகத்தில் கட்டுமான வேலை செய்பவர். மூன்று மாதமாக வீட்டிற்குப் பணம் வரவில்லை. கேட்டதற்கு, சம்பளம் வரவு வைக்கப்பட்டதாகத் தமக்கு வந்திருந்த கைப்பேசிச் செய்தியைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, "ஆனால் என் கைக்கு வரவில்லை" என்று சொல்லியிருக்கிறார் அவர்.

"ஹஜ்ரத், பணம் வந்ததென்று போன் சொல்கிறது. வரவில்லை என்று அவர் சொல்கிறார். என் வாப்பா அவரைத்தான் சந்தேகப்படுகிறார்கள். நான் யாரை நம்புவது?" என்று கேட்டார் அந்தச் சகோதரி.

அவரைக் கைப்பேசியில் அழைத்துப் பேசியபின் உண்மை விளங்கிற்று. தங்குமிடத்தில் இருந்த மேற்பார்வையாளர், "தொலைந்துவிடும், நான் பத்திரமாக வைக்கிறேன்" என்று எல்லோருடைய அட்டைகளையும் இரகசிய எண்களையும் வாங்கி வைத்திருக்கிறார். மாதந்தோறும் பணத்தை எடுத்து, சாப்பாட்டுச் செலவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை 'விசாச் செலவு' என்று பிடித்துக்கொண்டிருக்கிறார். இவர் விசாரிக்கச் சென்ற இடத்தில் கிடைத்த பதில் என்ன தெரியுமா? "உமது ஊதியம் முழுவதும் செலுத்தப்பட்டதாகப் பதிவு இருக்கிறது." பதிவேட்டில் அவர் பெற்றவர், உண்மையில் பெறாதவர்.

ஏற்பாடு எதற்காக வந்தது?

இந்த அட்டையும் பதிவேடும் தொழிலாளியைக் காக்கவே உண்டாயின என்பதை முதலில் உணர வேண்டும். முன்பெல்லாம் வளைகுடாவில் சம்பளம் ரொக்கமாகவே வந்தது. அலுவலகத்தில் வரிசையாக நின்று, புரியாத மொழியில் எழுதப்பட்ட பேரேட்டில் கையொப்பமிட்டு உறையை வாங்கிக்கொள்வார்கள். தொகை குறைந்தாலும், மாதங்கள் தவறினாலும், பின்னால் வழக்கென்று வந்தால் அந்தக் கையொப்பமே தொழிலாளிக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இதைத் தடுக்கும் நோக்கத்தோடு ஐக்கிய அரபு அமீரகம் 2009ஆம் ஆண்டில் ஊதியப் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி முதலாளி ஒவ்வொரு மாதமும், யாருக்கு எவ்வளவு ஊதியம் என்ற விவரக் கோப்பை அனுமதி பெற்ற வங்கியிடமோ பணமாற்று நிலையத்திடமோ ஒப்படைக்க வேண்டும். அந்த விவரம் மத்திய வங்கியின் வழியாகத் தொழிலாளர் அமைச்சகத்திற்கும் செல்கிறது. பின்னர் ஊதியம் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் வரவாகிறது. கணக்கு இல்லாதவருக்கு ஊதிய அட்டை வழங்கப்பட்டு, அதில் தொகை ஏற்றப்படுகிறது. இந்த ஏற்பாட்டின் கட்டணம் முதலாளியின் பொறுப்பு. தொழிலாளியின் கூலியிலிருந்து அதைப் பிடிப்பது முறையன்று.

அங்கு 2022இல் வகுக்கப்பட்ட விதி, ஊதியம் உரிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் செலுத்தப்படாவிட்டால் முதலாளி தவறியவராகக் கருதப்படுவார் என்றது. தொடர்ந்து தவறும் நிறுவனத்திற்குப் புதிய வேலை அனுமதிகள் நிறுத்தப்படும். சவூதி அரேபியா 2013இல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறியவற்றுக்கும் இத்தகைய ஏற்பாட்டை விரித்தது. வீட்டுப் பணியாளர்களின் ஊதியத்தையும் 2024 முதல் கட்டங் கட்டமாக மின்வழிக்குக் கொண்டுவந்தது. கத்தர் நாட்டில் 2015இல் வந்த சட்டம், உரிய நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் வங்கி வழியே ஊதியம் சேர வேண்டும் என்றது.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமாகிய அது, கடனை நியாயமாக எழுதிவைக்கவும் சாட்சிகளை அமைக்கவும் போதிக்கிறது. எழுத்து பலவீனனின் கேடயம். மாதந்தோறும் ஊதியத்தைப் பதிவு செய்யும் ஏற்பாடு அந்தப் போதனைக்கு அந்நியமானதன்று. அதன் பக்கத்தில் நிற்பது.

சட்டத்தின் பார்வை நிற்குமிடம்

ஆயினும் இந்த ஏற்பாட்டிற்கு ஓர் எல்லை இருக்கிறது. பணம் அட்டையை அடையும் வரைதான் பதிவேட்டின் கண் பார்க்கிறது. அட்டையிலிருந்து யார் எடுத்தார் என்பதை அது அறியாது. கத்தர் நாட்டு ஊதியப் பிரச்சினையை ஆராய்ந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பும், இது ஊதியத்தைப் பாதுகாப்பதைவிடக் கண்காணிப்பதாகவே இருக்கிறது, அதிலும் ஓட்டைகள் உள்ளன என்று 2020இல் சுட்டிக்காட்டியது.

அந்த ஓட்டை வழியே நுழையும் அநீதிகள் இரண்டு. ஒன்று, மேலே சொன்னது போல அட்டையையே பிடுங்கி வைப்பது. மற்றொன்று, முழு ஊதியத்தையும் அட்டையில் ஏற்றிவிட்டு, மறுநாள் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்வது. இரண்டிலும் சட்டத்தின் முன்னால் கணக்கு நேராக இருக்கும். அல்லாஹ்வின் முன்னால் மட்டுமே கோணலாக இருக்கும்.

ஆகவே, அன்பிற்குரிய வாசகர்களே, இதனை நெஞ்சில் பதித்துக்கொள்ளுங்கள். பழைய பேரேட்டில் கையொப்பம் எதுவோ, அதுவே இன்று அட்டையும் இரகசிய எண்ணும். அவற்றைப் பிறரிடம் கொடுப்பது, தொகை எழுதாத ரசீதில் கைநாட்டு வைத்துக் கொடுப்பதற்குச் சமம்.

இல்லத்தார் அறிய வேண்டியவை

பயணம் புறப்படுபவர் தம் வேலை ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லட்டும். அதிலுள்ள ஊதியமும் மாதந்தோறும் அட்டையில் ஏறும் தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அட்டை வழங்கிய நிலையத்தில் தம்முடைய கைப்பேசி எண்ணே பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். வரவுச் செய்திகளை அழித்துவிடலாகாது. ஒவ்வொன்றையும் வீட்டிற்கும் அனுப்பிவைப்பது நன்று. 2020இல் கொரோனா காலத்தில் பாக்கிச் சம்பளத்தை விட்டுவிட்டு அவசரமாகத் திரும்பியவர்கள் பலர். அப்படிப்பட்ட நாளில் கையிலிருக்கும் இத்தகைய துண்டுச் சான்றுகள்தாம் பேசும்.

அட்டை தொலைந்தாலோ பிறர் கையில் சிக்கினாலோ, வழங்கிய நிலையத்தில் உடனே சொல்லி அதை முடக்கி, புதிய அட்டை பெற வேண்டும். விடுமுறைக்கு ஊர் வருமுன் மீதியை எடுத்துவிடுவதும், அட்டை காலாவதியாகும் தேதியைக் குறித்துவைப்பதும் அவசியம். அட்டையில் ஏறிய ஊதியம் ஹலாலான உழைப்பின் பயனே. அதில் ஐயம் வேண்டாம். ஆனால் "சம்பளத்திற்கு முன்பே பணம்" என்று ஆசை காட்டும் வட்டிக் கடனிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

ஊதியம் தடைபட்டால் அந்நாட்டுத் தொழிலாளர் அமைச்சகத்தில் முறையிடலாம். இந்தியர்கள் தூதரகத்தை அணுகலாம். 2015இல் இந்திய அரசு தொடங்கிய 'மதத்' என்னும் இணைய வழியிலும் குறையைப் பதிவு செய்யலாம். இங்கே இருக்கும் குடும்பத்தாரும் அதில் பதிவு செய்ய முடியும்.

முதலாளிமாருக்கு ஒரு சொல்

நம் சமுதாயத்தில் ஆட்களை வேலைக்கு வைத்திருக்கும் வணிகர்களும் உள்ளனர். குகையில் சிக்கிய மூவரின் வரலாறு புகாரியில் இருப்பதை அவர்கள் அறிவார்கள். அம்மூவரில் ஒருவர், கூலியை விட்டுச் சென்ற தொழிலாளியின் பங்கைப் பெருக்கி, ஒட்டகங்களும் மாடுகளும் ஆடுகளுமாக அவன் வந்து கேட்ட நாளில் முழுவதையும் ஒப்படைத்தவர். அந்த நற்செயலை முன்வைத்து அவர் இறைஞ்சினார். குகையை மூடிய பாறை விலகிற்று. வேலையை முழுவதும் வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிப்பதும் அதே தொகுப்பில்தான் இருக்கிறது. பதிவேடு நேராக இருக்கிறது என்ற சமாதானம் அந்த வழக்கில் எடுபடுமா?

அந்தச் சகோதரியின் கணவர் தம் அட்டையை முடக்கிப் புதிய அட்டை பெற்றார். அவரும் அதே அறையைச் சேர்ந்த ஐவரும் தத்தம் கணக்குச் சீட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தனர். ஆறு அட்டைகளிலும் ஒரே இரவில், ஒரே ஏ.டி.எம்.மில், கால் மணி நேரத்திற்குள் பணம் எடுக்கப்பட்டிருந்தது. அந்தச் சீட்டுகளோடு முறையிட்டபின் இரண்டு மாதத் தொகை திரும்பிற்று. ஒரு மாதத் தொகை இன்னும் வரவில்லை. ஆனால் வாப்பாவின் சந்தேகம் நீங்கி, மருமகனிடம் அவரே கைப்பேசியில் பேசினார் என்று அந்தச் சகோதரி சொன்னபோது, திரும்பி வந்தது பணம் மட்டுமன்று என்று எண்ணிக்கொண்டேன்.

இன்றிரவு உங்கள் வீட்டிலிருந்து வெளிநாட்டிற்குப் பேசும்போது, நலம் விசாரித்தபின் இந்த ஒன்றையும் கேளுங்கள்: "உங்கள் அட்டை உங்களிடம்தானே இருக்கிறது?" உழைப்பவரின் உரிமை அவர் கைக்கே சேர வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.