வீட்டு பிளக்கிலேயே எலெக்ட்ரிக் கார் சார்ஜ்... கவனிக்க வேண்டியவை என்னென்ன?

திருவள்ளூரில் வீடு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. இப்படி ஷிப்டுக்குப் போய் வருபவர்கள் எலெக்ட்ரிக் கார் வாங்க யோசித்தால், முதலில் எழும் கேள்வி, “கார் ஷெட்டில் இருக்கும் பிளக்கே போதுமா?”

பெரும்பாலும் போதும். வீட்டில் இருக்கும் மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என 2022-ல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைகளே சொல்கின்றன. காருடன் வரும் போர்ட்டபிள் சார்ஜருக்கு 15 ஆம்ப் சாக்கெட் இருந்தால் சரி. ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓடும் சிறிய காருக்குச் சுமார் 10 யூனிட் தேவைப்படும். இரவு 11 மணிக்குச் செருகினால், விடிவதற்குள் ஏறிவிடும்.

கீஸர் வேறு, கார் வேறு!

கீஸரும் அதே 15 ஆம்ப் பிளக்கில்தான் ஓடுகிறது. ஆனால், தண்ணீர் சூடானதும் அது தானாக நின்றுவிடும். கார் அப்படியல்ல. மணிக்கணக்கில் முழு கரன்ட்டையும் இழுத்துக்கொண்டே இருக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு ஸ்க்ரூ லூஸாக இருந்தாலும் அந்த இடம் சூடேறி, உருகி, தீப்பிடிக்கும் வரை போகலாம். அதனால் மெயின் போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. காப்பர் ஒயரில் தனி லைன் இழுத்து, அதற்கென எம்.சி.பி-யும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி-யும் போடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம்.

எர்த்தில் ஏமாற்றாதீர்கள்

எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். அப்போது நியூட்ரலையும் எர்த்தையும் முடிச்சுப்போட்டு சார்ஜரை ‘ஏமாற்றும்’ பழக்கம் சிலரிடம் இருக்கிறது. என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் பாயும். கதவைத் தொடும் குழந்தைக்கு அது உயிராபத்து. எர்த் குழியைச் சரிசெய்வதுதான் ஒரே வழி.

மழையும் பில்லும்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் மாவட்டத்திலும் வெள்ளம் புகுந்தது. உங்கள் பகுதியில் தண்ணீர் ஏறிய மட்டத்துக்கு மேலேயே சாக்கெட்டைப் பொருத்துங்கள்.

மாதம் 25 நாள் ஓடினால், இரண்டு மாத பில்லில் காருக்கு மட்டுமே சுமார் 500 யூனிட் கூடும். தமிழ்நாட்டில் 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி, கட்டணம் எகிறும். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு காரை புக் செய்யுங்கள். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு, ஏ.சி-யும் காரும் சேர்ந்து ஓடினால் அது தாங்குமா என்பதை லைசென்ஸ் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

முதல் நாள் சார்ஜ் போட்டு அரை மணி நேரம் கழித்து, பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால், மெயின் போர்டில் அந்த லைனை ஆஃப் செய்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அதுவரை அந்த பிளக் வேண்டாம்.