மாவுக்குள் ஒரு ரப்பர்

ஒரு கை கோதுமை மாவில் தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு, அந்த உருண்டையைக் குழாயடியில் பிடித்து மெல்லப் பிசைந்துகொண்டே கழுவுங்கள். முதலில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று ஓடும், போவது மாவுச்சத்து. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிடும். கையில் மிஞ்சுவது தண்ணீரில் கரையாத, மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு கட்டி. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொருளை எங்கோ தொட்ட ஞாபகம் வரும். ரப்பர் மரத்தின் வெட்டில் காய்ந்துபோன ஒட்டுப்பாலை உரித்து, உருட்டி உருட்டிப் பந்து செய்து விளையாடிய கைகள் அல்லவா!

இந்தக் கட்டிதான் குளூட்டன். இத்தாலியின் பொலோனா நகரத்து அறிஞர் ஜாக்கொப்போ பெக்காரி 1728-இல் இதே போல மாவைக் கழுவித்தான் இதைப் பிரித்துக் காட்டினார். செடியிலிருந்து வந்த பொருள், குணத்தில் இறைச்சியை ஒத்திருக்கிறதே என்று அவருக்கு வியப்பு. அது ஒரு புரதம். ஆனால் புரதத்துக்கு அப்போது பெயர்கூட வைக்கப்படவில்லை. அதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆனது.

ரப்பரோடு உள்ள ஒற்றுமை தொட்டுப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ரப்பர் பாலில் இருப்பவை மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகாமல் ஆங்காங்கே கந்தகம் முடிச்சுப் போட்டால்தான் டயர் டயராக நிற்கும். சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டது இந்த வித்தையைத்தான். கோதுமையிலும் குளூட்டெனின் என்ற நீளமான புரதச் சங்கிலிகள் உண்டு. அவற்றைப் பிணைத்து வைத்திருப்பதும் கந்தக முடிச்சுகளே. பிசையப் பிசைய அந்த முடிச்சுகள் ஓரிடத்தில் அவிழ்ந்து இன்னோரிடத்தில் விழுந்து, மாவு முழுக்க ஒரு வலை பரவுகிறது. வேதியியல்படி ரப்பரும் குளூட்டனும் வேறு வேறு பொருள்கள். கட்டுகிற உத்தி மட்டும் ஒன்று.

மலாக்கா இதைச் சொல்வதற்கு ஏற்ற ஊர். தான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காகப் போட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று அதைத்தான் சொல்வார்கள். பிறகு புக்கிட் அசஹான் வந்தது, மாநிலமெங்கும் தோட்டங்கள் வந்தன, பால் வெட்ட நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. அத்தனையும் கப்பலில் வருவது. ஆனாலும் இன்று காலை ஏழு மணிக்கு ஜாசினிலோ அலோர் காஜாவிலோ பசியாற எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது கோதுமையின் ரப்பர்தான்.

ரொட்டி சானாய் போடுபவரின் கையைப் பாருங்கள். எண்ணெயில் ஊறிக் கிடந்த உருண்டையைத் தட்டுகிறார், ஓரத்தைப் பிடித்து வீசுகிறார். நாலைந்து வீச்சில் மாவு மேசையளவு விரிந்து, அடியில் உள்ள பலகை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடுகிறது. கிழிவதில்லை. இப்படி விரிந்துகொடுப்பது குளூட்டனில் உள்ள கிளையடின் என்ற பங்கு. கிழியாமல் பிடித்துக்கொள்வது குளூட்டெனின். அரிசி மாவை அப்படி வீசிப் பார்க்க வேண்டாம். கடைக்காரர் சுவரைக் கழுவச் சொல்லுவார்.

இவ்வளவு கெட்டிக்காரப் புரதம் வயிற்றுக்குள் போனதும் சிலருக்கு வம்பாகிறது. நம் செரிமான நொதிகள் புரதங்களைத் துண்டு துண்டாக வெட்டி அமினோ அமிலங்களாக்கும். கிளையடினில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி. அது வருகிற இடங்களில் நம் நொதிகளின் வெட்டு விழுவதில்லை. 33 அமினோ அமில நீளமுள்ள ஒரு துண்டு வெட்டே படாமல் சிறுகுடலில் மிஞ்சுவதை 2002-இல் கண்டறிந்தார்கள். பெரும்பாலோருக்கு அது வம்பு செய்யாமல் கடந்துபோய்விடும். டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகைகளில் ஒன்று உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், குடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்தத் துண்டை எதிரியாக நினைத்துச் சண்டைக்குக் கிளம்பிவிடுகின்றன. அடி விழுவது குடற்சுவருக்கு. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இதுதான் சீலியாக் நோய். வயிற்றுப்போக்கும் வயிற்று உப்பலும் வரலாம். சிலருக்கு அவை எதுவும் இல்லாமல், எத்தனை மாத்திரை போட்டாலும் தீராத இரத்தசோகையாகவோ, வயதுக்கு ஏற்ற வளர்த்தியில்லாத பிள்ளையாகவோ அது வெளிப்படும். மருத்துவம் ஒன்றுதான்: கோதுமையையும் அதன் பங்காளிகளான பார்லி, ரை இரண்டையும் வாழ்நாளெல்லாம் விட்டுவிடுவது.

காரணத்தைக் கண்டுபிடித்த கதை கொஞ்சம் வேடிக்கை, கொஞ்சம் சோகம். 1924-இல் நியூயார்க் மருத்துவர் சிட்னி ஹாஸ் சீலியாக் பிள்ளைகளுக்கு வாழைப்பழப் பத்தியம் கொடுத்தார். பிள்ளைகள் தேறினார்கள், பேர் வாழைப்பழத்துக்குப் போனது. அதே பத்தியத்தில் ரொட்டியையும் தானியங்களையும் அவர் நிறுத்தியிருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ மட்டும் 1930-களிலேயே ரொட்டியின் மேல் சந்தேகப்பட்டார். இரண்டாம் உலகப் போரின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியர்கள் உணவு வரும் வழியை அடைத்தார்கள். டச்சுக்காரர்கள் துலிப் பூச்செடியின் கிழங்கை அவித்துத் தின்றார்கள். ஊரே வாடிய அந்த நாட்களில் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமைதான் காரணம் என்று காட்டிய டிக்கெயின் ஆய்வேடு 1950-இல் வந்தது.

அதே மாதங்களில் மலாக்காவில் ஜப்பான்காரன் காலம். பர்மா அரிசி வரத்து நின்றுபோய், லயத்தைச் சுற்றி மண் கண்ட இடமெல்லாம் மரவள்ளி ஊன்றினார்கள். ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்ட வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்தது அவித்த மரவள்ளியில். அந்தத் தலைமுறையில் பலர் பிற்பாடு அதைக் கண்டாலே தட்டை ஒதுக்கினார்கள். நியாயம்தான். இருந்தாலும் மரவள்ளியில் குளூட்டன் துளியும் கிடையாது. டிக்கெ தேடியலைந்த பத்தியச் சாப்பாடு இங்கே வேலியோரத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

தமிழர்களுக்கு இந்த நோய் வராது என்று ஓர் எண்ணம் உண்டு. 2016-இல் வெளியான இந்திய ஆய்வு 23,331 பேரைச் சோதித்தது. வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேரின் இரத்தத்தில் சீலியாக்கின் எதிர்ப்புப் பொருள்கள் இருந்தன. தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவரிடமே. மரபணுவிலா வித்தியாசம்? இல்லை. வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் அதே மரபணு வகைகள் இருந்தன. வித்தியாசம் தட்டில் இருந்தது: வடக்கே ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். காரணம் முழுக்க இதுதான் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் துப்பு பெரிய துப்பு. மலேசியாவில் நோயில்லாத இளம் வயதினர் 562 பேரின் இரத்தத்தைப் பார்த்த 2015 ஆய்வில் நூற்றுக்கு 1.25 பேரிடம் சீலியாக்கின் எதிர்ப்புப் பொருள்கள் தென்பட்டன. காலையில் ரொட்டி சானாய், பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ, இரவில் பாக்கெட் மீ என்று வாழ்கிற ஊரில் இது ஆச்சரியமில்லை.

நோய் தெரியவந்த குடும்பம் முதலில் செய்வது பேரங்காடிக்குப் போய்க் குளூட்டன் இல்லாத ரொட்டியைத் தேடுவது. விலை கண்ணைக் கட்டும், தின்றால் தவிடு. கோதுமை வலை இல்லாத மாவில் சான்தன் பிசின் மாதிரி ஏதாவது சேர்த்து ரொட்டியைப் போல நடிக்க வைக்கிறார்கள். இந்த நாடகம் எதற்கு? வலையே இல்லாமல் மாவைப் பிடித்து நிறுத்துகிற வித்தைகள் நம் அடுப்படியில் பல தலைமுறையாக இருக்கின்றன.

தோசை மாவை எடுத்துக்கொள்ளுங்கள். புளிக்கும்போது நுண்ணுயிர்கள் கரியமில வாயுவை விடுகின்றன. அதில் முன்னால் நிற்பது லூக்கோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று 1965-இலேயே காட்டிவிட்டார்கள். ரொட்டியில் வாயுவைப் பிடித்து வைப்பது குளூட்டன். இட்லியில் யார்? உளுந்து. அரைக்கும்போது விரலில் வழவழவென்று ஒட்டுகிறதே, அது அராபினோகேலக்டன் என்ற பசை. உளுந்தின் புரதம் நுரை கட்டும், பசை அந்த நுரையை உடையாமல் காக்கும். அரிசியை மட்டும் அரைத்துப் புளிக்க வைத்தால் வாயு வந்த வேகத்தில் ஓடிவிடும். உளுந்து சேர்ந்தால்தான் மாவு பொங்கும். நம் ஊர்ச் சூட்டில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பானை விளிம்பைத் தொட்டு நிற்கும்.

இடியாப்பம் இன்னொரு வழி. அரிசி மாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறுகிறோம். அந்தச் சூட்டில் மாவுச்சத்து மணிகளில் ஒரு பங்கு உப்பி வெடித்து, அமைலோஸ் என்ற சங்கிலிகள் வெளியே கசிந்து, மீதி மாவை ஒட்டிப் பிடிக்கின்றன. பச்சைத் தண்ணீரில் பிசைந்தவர்களுக்குத் தெரியும், உரலிலிருந்து இழையாக வராமல் பொலபொலவென்று உதிர்வது. தெங்கெராவில் விற்கிற புட்டு பீரிங் நேர் எதிர்: அங்கே மாவு ஒட்டவே கூடாது. ஈரம் தெளித்துச் சலித்த அரிசி மாவு, நடுவில் கூலா மலாக்கா, மேலே ஒரு கூம்பு மூடி. ஆவி சில நிமிடம் பாய்ந்ததும் மாவுத் துகள்கள் ஓரங்களில் மட்டும் பற்றிக்கொள்கின்றன. உள்ளே சர்க்கரை உருகிக் கிடக்கிறது. ஒட்டும் அரிசியான புலூட்டிலும் குளூட்டன் கிடையாது. அதன் மாவுச்சத்து ஏறக்குறைய முழுக்க அமைலோபெக்டின், அதுதான் ஒட்டுகிறது.

ஆகவே நம் வீட்டில் ஆபத்து பெரிய உணவுகளில் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சில்லறைகளில் இருக்கிறது. பெருங்காயப் பிசின் தனியாக மிகக் காட்டம் என்பதால் மாவு கலந்துதான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அது பெரும்பாலும் கோதுமை மாவு. அரிசிச் சோறும் பருப்புச் சாம்பாரும் சாப்பிட்டவர் ஒரு சிட்டிகையில் மாட்டிக்கொள்கிறார். கிச்சாப்பு சோயாவோடு கோதுமையும் சேர்த்துப் புளிக்க வைத்தது. மைலோவில் பார்லி மால்ட். கோயில் பிரசாதமாக வருகிற கேசரி ரவை. கடையில் தோசை கேட்டால் சுட்டுத் தருவது சற்றுமுன் ரொட்டி சானாய் புரட்டிய அதே கல்லில். குளூட்டன் இல்லாதது என்று முத்திரை போட சர்வதேச வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு துண்டு ரொட்டியிலோ இரண்டு கிராம் அளவுக்கு இருக்கும். எனவே கல்லைத் துடைத்துவிட்டுச் சுடுங்கள் என்பது போதாது.

தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, பிள்ளைகள் பத்து பெரண்டாம், ஆயர் கெரோ பக்கம் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிற காலம் இது. ராத்திரி ஒன்பதுக்கு வந்து நிற்பவருக்கு ஆட்டுரலைப் பற்றி வகுப்பெடுத்துப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை அரைத்த மாவு குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள் தாங்கும். குளிரில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடுவதால் புளிப்பு மெல்லத்தான் ஏறும். மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம் வாங்கிய இடியாப்பம் மிஞ்சினால் மறுநாள் விறைத்துப் போகும். அதை உதிர்த்து, கடுகு, வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினால் விறைப்பு விட்டுவிடும். முட்டையை உடைத்து ஊற்றினால் இரவுச் சாப்பாடு முடிந்தது. மீஹூன் இன்னும் சுலபம், ஊறுகிற நேரம்தான். கிச்சாப்புக்குப் பதில் உப்பு, புளி, அரைத்த மிளகாய். பொட்டலத்தில் கோதுமை ஸ்டார்ச் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும், கொய்தியாவுக்கும் அப்படியே.

பழைய சோற்றில் நெத்திலியும் பெலாச்சானும் போட்டு வறுப்பது எல்லாருக்கும் தெரிந்தது. புதுச் சோறு குழைந்துவிடும், ஆறிய சோறு உதிரியாக நிற்கும், ஏன்? ஆறும்போது அமைலோஸ் சங்கிலிகள் மறுபடி வரிசைகட்டி இறுகுவதால். ஆனால் சோற்றை மேசைமேல் இரவெல்லாம் விட்டுவைக்கக் கூடாது. வேகவைத்தும் சாகாத பேசிலஸ் சீரியஸ் வித்துகள் முளைத்து நச்சு கக்கும். அந்த நச்சு வறுத்தாலும் போகாது. ஆறியதும் குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். மரவள்ளியைத் தோலும் நடுநரம்பும் போகச் சீவி, நறுக்கி, திறந்த பாத்திரத்தில் நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் உள்ள லினமரின் சயனைடாக மாறக்கூடியது. பாட்டிமார் வேதியியல் படிக்காமலே சரியாகச் செய்தார்கள். தேங்காய்ப்பூவும் சாடின் சம்பலும் இருந்தால் போதும். சாடின் டின்னிலும் சேர்மானங்களைப் படித்துவிடுங்கள்.

நோயில்லாதவர் மெலிவதற்காகக் குளூட்டனை விடுவது வீண் செலவு. அதிலும் நம்மவர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிடக் கூடுதல். கோதுமையை நிறுத்திவிட்டு மூன்று வேளையும் அரிசியைக் குவித்தால் சர்க்கரை அளவு ஏறும்.

சந்தேகம் இருந்தால் கிளினிக்கில் இரத்தச் சோதனை கேட்கலாம். எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்தும் பார்ப்பார்கள். நல்ல எண்ணத்தில் பலர் செய்கிற ஒரு காரியம் இங்கே காலை வாரிவிடும்: முன்கூட்டியே பத்தியம் தொடங்கி, சில மாதம் கழித்துச் சோதனைக்குப் போவது. அதற்குள் எதிர்ப்புப் பொருள்கள் இறங்கி, குடலும் தேறத் தொடங்கி, இருக்கிற நோய் இல்லை என்று முடிவு வந்துவிடும். அதனால் சோதனை முடிகிற வரைக்கும் ரொட்டி சானாய் தட்டில் இருக்கட்டும்.