காலி டாங்க்கில் துரு எப்படி?

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014இல் நின்றது. ஷெட்டில் வருடக்கணக்காக உறங்கும் பழைய வண்டிகள் இன்னும் உண்டு. அவற்றை மீண்டும் ஓடவைக்க நினைப்பவரை மடக்குவது பல நேரம் எஞ்சின் அல்ல, பெட்ரோல் டாங்க்.

பெட்ரோல் இருக்கும் இடத்தில் துரு எப்படி வரும்? பாதி காலியான டாங்க்கில் மீதி இடம் காற்றுக்கு. இரவில் தகடு குளிரும்போது காற்றின் ஈரம் துளியாகி வழியும். நீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் தேங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்தே பிரிந்து கீழே இறங்கும். தகடு அரிபட இது போதும். உதிரும் துரு ஃபில்டரையும் கார்புரேட்டர் ஜெட்டையும் அடைக்கும்.

கழற்றிய டாங்க்கில் சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஊறவைத்தால் துரு கரையும். பிறகு சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, கழுவி, உடனே உலர்த்த வேண்டும். சுத்தமான ஈர இரும்பு சில மணி நேரத்திலேயே மறுபடி சிவந்துவிடும்!

ஓட்டை விழுந்திருந்தால் வெல்டிங் வைக்கலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் ஒரு தீப்பொறியே வெடிக்கவைக்கும். காலி டாங்க்கில் மிச்ச ஆவியும் காற்றும் கலந்திருக்கும். அதனால் நிறைந்த டாங்க்கைவிடக் காலி டாங்க்தான் ஆபத்து. தகடு விரல் அழுத்தத்துக்கே நெகிழ்ந்தால் ஒட்டுப்போடுவது வீண். வேறு டாங்க் மாட்டுவதே சரி.