காவல்காரனா, கணக்கப்பிள்ளையா?

விழுந்தெழும் இயந்திரங்கள் – 9

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கும்: ஆறு கிராபிக்ஸ் கார்டு கோத்து கிரிப்டோ நாணயம் தோண்டும் ஒரு மைனிங் ரிக் நள்ளிரவில் ஹேங் ஆகி நிற்கிறது, பக்கத்தில் ராஸ்ப்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. முந்தைய கதை வேண்டுவோர் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் பட்டனுக்குப் பதிலாக வைக்கும் மின் சுவிட்ச் ரிலேயா, ஆப்டோகப்ளரா என்ற வயரிங் வழக்கைத் தீர்த்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நடக்காது போலிருக்கிறது. 1985-ல் வெளியான ஓர் அறிக்கையில் உட்கார்ந்திருக்கும் 132 என்ற எண் வழிமறித்துக்கொண்டது. வயரை ஒட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விக்கு அந்த எண்ணில்தான் பதில் இருக்கிறது: ஹேங் ஆன இயந்திரத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது வைத்தியமா, வெறும் மந்திரமா?

முதலில் வேலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மதர்போர்டில் ரீசெட் பட்டனின் வயர் செருகும் இரண்டு பின்கள் இருக்கின்றன. பட்டனை அழுத்தினால் அவை இரண்டும் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன. தொட வைத்தது விரலா, ரிலேயா என்று மதர்போர்டு விசாரிப்பதில்லை. பை நிமிடத்துக்கு ஒரு தடவை நெட்வொர்க் வழியாக ரிக்கிடம் ஹேஷ்ரேட், அதாவது தோண்டும் வேகம், கேட்கிறது. மூன்று தடவை தொடர்ந்து பதில் வராவிட்டாலோ, பூஜ்யம் என்று வந்தாலோ, ரிலேயை அரை விநாடி ஒட்ட வைக்கிறது. அதற்கும் அசையாத ரிக்கை, பவர் பட்டனின் பின்களை ஐந்தாறு விநாடி பிடித்து முழுவதுமாக அணைத்து, சற்று ஆறவிட்டு மறுபடி எழுப்புகிறது. பிங் அனுப்பிப் பார்த்தால் போதாதா என்றால், போதாது. கிராபிக்ஸ் டிரைவர் மூச்சை விட்ட பிறகும் இயங்குதளம் பிங்குக்குச் சமர்த்தாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். கடை திறந்திருக்கும், வியாபாரம் இருக்காது. 'இருக்கிறாயா' என்று கேட்டால் 'இருக்கிறேன்' என்றுதான் சொல்லும். 'இதுவரை எவ்வளவு விற்றது' என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

இதற்கு எதற்குத் தனிப் பலகை, மைனிங் மென்பொருளுக்குள்ளேயே வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு உண்டே என்று கேட்பார்கள். உண்டுதான். ஒரு கார்டு நின்றால் அது நிரலை மறுபடி ஓட்டும், முடியாவிட்டால் கணினியையே ரீபூட் செய்யச் சொல்லும். ஆனால் டிரைவர் சிக்கிக்கொண்டிருக்கையில் அந்த ரீபூட் கட்டளையும் அதே டிரைவர் கையை விடட்டும் என்று காத்துக் கிடக்கும். தூங்குகிறவன் தன்னைத்தானே உலுக்கி எழுப்பிக்கொள்ள முடியாது. உலுக்கும் கை வெளியே இருக்க வேண்டும். அது மனிதக் கையாக இருப்பதும் சிரமம், ஏனென்றால் ரிக்குகள் மின்சாரம் மலிவாக இருக்கும் இடத்தைத் தேடிப் போகின்றன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றை ஒட்டிய செலான், டக்ளஸ், கிராண்ட் கவுண்டிகளில் நீர்மின்சாரத்துக்காகவே மைனிங் கூடங்கள் முளைத்தன. அப்படி ஓரிடத்தில் ராத்திரி 11 மணிக்கு நின்ற ரிக்கைக் காலை 7 மணிக்கு யாராவது வந்து பார்த்தால், அன்றைய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

இனி பெரிய ஆட்சேபம். ரீபூட் என்பது பூசி மெழுகுவது. சுவர் ஏன் விரிசல் விட்டது என்று பார்க்காமல் சுண்ணாம்பு அடிப்பது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவதுதான் பொறியியல், மற்றதெல்லாம் சோம்பேறித்தனம். கேட்பதற்கு நியாயமாக இருக்கும் இந்த வாதத்தைத்தான் அந்த 132 சாய்க்கிறது. அறிக்கையை எழுதியவர் ஜிம் கிரே. வங்கிகளுக்கு நிற்காத கணினிகள் செய்து விற்ற டாண்டம் நிறுவனத்தில் வேலை பார்த்தவர், பிற்பாடு 1998-ன் டூரிங் விருது பெற்றவர். கணினிகள் ஏன் நிற்கின்றன, அதற்கு என்ன செய்யலாம் என்பதே அறிக்கையின் தலைப்பு. மென்பொருள் பிழைகளை அவர் இரண்டு சாதியாகப் பிரிக்கிறார். ஒன்று போர் பிழை. நீல்ஸ் போரின் அணுவைப் போலக் கெட்டியானது, எப்போது தட்டினாலும் அதே இடத்தில் அதே விதமாக இடறும். மற்றது ஹைசன்பெர்க் பிழை. உற்றுப் பார்த்தால் காணாமல் போவது. இரண்டு காரியங்கள் ஒரே நொடியில் மோதியதால், ஒரு வரிசை அந்த நேரம் பார்த்து நிரம்பியதால், வன்பொருளில் ஏதோ ஒன்று கணநேரம் தடுமாறியதால் வருவது. அதே வேலையை மறுபடி செய்தால் பெரும்பாலும் வராது.

பெயர் வைத்ததோடு அவர் நிற்கவில்லை, எண்ணினார். டாண்டம் கணினிகளில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலர் என்ற நிரல் ஜோடி ஜோடியாக ஓடியது. ஒருவன் பிழை கண்டால் தயங்காமல் செத்துப்போவான், அவன் சகோதரன் விட்ட வேலையை மறுபடி முயல்வான். சகோதரனும் அதே இடத்தில் விழுந்தால் அது போர் பிழை, தாண்டிவிட்டால் ஹைசன்பெர்க் பிழை. சில டஜன் கணினிகளின் பிழைப் பதிவேடுகளைப் புரட்டியதில் மொத்தம் 132 பிழைகள். சகோதரனையும் வீழ்த்தியது அதில் ஒன்றே ஒன்று. மிச்சம் 131, மறுமுயற்சியிலேயே கடந்து போய்விட்டன. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க' என்று சொல்லும் சர்வீஸ் ஆளைக் கிண்டல் செய்கிறவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். நன்றாகச் சோதித்து வெளியே விட்ட நிரலில் கெட்டியான பிழைகள் முன்பே பிடிபட்டிருக்கும், எஞ்சுவது நழுவும் பிழைகள்தான் என்பது கிரேயின் விளக்கம். சற்று விலகி ஒரு செய்தி. ஒரு கூறு உயிரோடிருக்கிறதா என்பதை அதனிடமிருந்து வரும் சேதி நின்றுபோவதிலிருந்து அறிந்துகொள்ளும் இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு எழுதிய கிரே, 2007 ஜனவரி 28-ம் தேதி தாயின் அஸ்தியைக் கரைக்கத் தன் பாய்மரப் படகில் தனியே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலான் தீவுகளை நோக்கிப் போனார். அபாயச் சேதி எதுவும் வரவில்லை. செயற்கைக்கோள் படங்களை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் துண்டு துண்டாகப் பார்த்துத் தேடியும் படகு அகப்படவில்லை.

வங்கிக் கணினியின் கணக்கை மைனிங் ரிக்குக்குப் பொருத்தலாமா என்று கூர்மையான வாசகர் கேட்பார். விகிதத்தைப் பொருத்த முடியாது. டாண்டம் மென்பொருள் ஆற அமரச் சோதிக்கப்பட்டது. ரிக்கோ, மெமரியின் கடிகார வேகத்தை விளிம்பு வரை ஏற்றி, வோல்டேஜை இறக்கி, மதர்போர்டோடு இணைக்கும் மலிவு ரைசர் கேபிளில் தொங்கும் கார்டுகளின் கூட்டம். ஆனால் விகிதத்தோடு ஒரு முறையும் அந்த அறிக்கையில் இருக்கிறது, அது எங்கும் பொருந்தும். மறுமுயற்சி மருந்தாக இருக்கும்போதே பரிசோதனையாகவும் இருக்கிறது. ரீபூட் ஆனபின் ரிக் இரண்டு நாள் ஓடினால், வந்தது நழுவும் பிழை. பூட் ஆன பத்தாவது நிமிடம் அதே மூன்றாம் நம்பர் கார்டு மறுபடி விழுந்தால் கெட்டிப் பிழை. ரைசரையோ கார்டையோ கழற்றிப் பார்க்க ஆள் போக வேண்டும். ஆனால் எந்தக் கார்டு எத்தனை மணிக்கு விழுந்தது என்று எழுதி வைத்திருந்தால்தான் இந்தப் பரிசோதனைக்கு முடிவு கிடைக்கும். எழுதாத ரீபூட்டைத்தான் பூசி மெழுகல் என்று சொல்ல வேண்டும். எழுதிய ரீசெட்டுக்கு ஒரு சாட்சி: 1997 ஜூலை 4-ம் தேதி செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள ஆரம்பித்தது. வானிலைத் தகவல் திரட்டும் கீழ்நிலைப் பணி ஒன்று பூட்டிய பூட்டுக்கு வெளியே முதன்மைப் பணி காத்துக் கிடக்க, நடுநிலைப் பணிகள் நேரத்தைத் தின்றன. கெடு தாண்டியதும் வாட்ச்டாக் பட்டனை அழுத்தியது. ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்துக்காரர்கள் பூமியிலிருந்த இரட்டைப் பிரதியில் அதே தடுமாற்றத்தை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்துத் திருத்தத்தை மேலே அனுப்பினார்கள். ரீசெட் அங்கே கலத்தைக் காப்பாற்றியது, புகாரையும் பதிவு செய்தது.

அடுத்த ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பேராசை பெருகும், கடிகாரத்தை இன்னும் ஏற்றுவார்கள். ஏற்றுவார்கள்தான், அதில் எவ்வளவு தப்பு என்று கணக்குப் போடலாம். ஒரு பேச்சுக்கு, கடிகாரத்தை ஏற்றினால் வருமானம் 4 சதவீதம் கூடுகிறது, பதிலுக்கு நாளுக்கு ஒரு தடவை ஹேங் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆள் வந்து பார்க்க எட்டு மணி நேரம் ஆனால் அது முட்டாள்தனம். 4 வந்து 33 போகும். பை பத்தே நிமிடத்தில் எழுப்பிவிட்டால் நாளின் 1,440 நிமிடத்தில் நட்டம் 0.7 சதவீதம், அப்போது ஏற்றியது புத்திசாலித்தனம். ஐந்து தடவை விழுந்தாலும் 50 நிமிடம்தான், கையில் ஏதோ மிஞ்சும். ஆறாவது தடவை 60 நிமிடமாகி, ஏற்றியதால் வந்த லாபம் முழுவதும் கரைந்து முதலிலும் கை வைக்கும். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஓடும் இந்தக் கோட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. காலையில் ஆறு கார்டின் விசிறியும் சுற்றிக்கொண்டிருக்கும், எல்லாம் சுகம் என்று தோன்றும். ஆகவே பேராசைக்குக் கடிவாளம் பதிவேடுதான். பையைக் காவல்காரனாக நிறுத்துகிறவர்கள் பாதிச் சம்பளத்துக்குத்தான் வேலை வாங்குகிறார்கள். அது கணக்கப்பிள்ளை. பட்டனை அழுத்துவது அதன் எடுபிடி வேலை.

திடீரென்று மின்சாரத்தைப் பிடுங்கினால் தகவல் கெட்டுப்போகாதா என்பதற்குப் பதில் எளிது. ரிக்கில் கெடுவதற்கு அதிகம் இல்லை. செய்த வேலையின் கணக்கு, ரிக்குகள் கூட்டுச் சேரும் பூலில் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் கண்டேயாவும் ஃபாக்ஸும் 2003-ல், நிரலை நிறுத்துவதற்கு விழ வைப்பது ஒன்றே வழியாகவும், தொடங்குவதற்கு மீட்பது ஒன்றே வழியாகவும் கட்டுங்கள் என்று எழுதினார்கள். ரிக் பிறவியிலேயே ஏறக்குறைய அந்த ஜாதி. மருத்துவமனைக் கணினிக்கு இதே வயரை மாட்டக் கூடாது. பொய்ப் புகாரைப் பற்றிய பயம் இதைவிட நியாயமானது: இணையம் போனாலோ பூல் படுத்தாலோ எல்லா ரிக்கும் ஒரே நேரத்தில் பூஜ்யம் காட்டும், விவரமில்லாத பை எல்லாவற்றையும் வீணாக உலுக்கும். முதலில் வெளியுலகை விசாரித்துவிட்டு உள்ளே கை வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்று ரீபூட் தோற்றால் கையைக் கட்டிக்கொண்டு மனிதனுக்குச் சேதி அனுப்ப வேண்டும். எத்தேரியம் மைனிங்கே 2022 செப்டம்பர் 15-ம் தேதியோடு முடிந்துவிட்டதே, செத்த தொழிலுக்கு ஏன் இத்தனை பேச்சு என்போருக்கு: வேலை போனது கார்டுகளுக்குத்தான். ஆளில்லா இடத்தில் ஓடும் எந்தக் கணினிக்கும் இந்தக் கணக்கு மாறாது.

அந்தப் பையே ஹேங் ஆனால்? அதன் சில்லுக்குள்ளேயே வாட்ச்டாக் ஒன்று உண்டு. ஏறக்குறைய 15 விநாடிக்குள் யாரும் தட்டிக்கொடுக்காவிட்டால் அது பையை ரீசெட் செய்துவிடும். ஆனால் அந்த ரீசெட்டையும் பதிவேட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், கணக்கப்பிள்ளைக்கும் தணிக்கை வேண்டும். ரிலேயா, ஆப்டோகப்ளரா என்பது அடுத்த வாரம் நிச்சயம். பையின் பின்னிலிருந்து வருவது 3.3 வோல்ட்; நீல நிற மலிவு ரிலேக்கள் 5 வோல்ட் கேட்கின்றன. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.