காய்ச்சல் தணிந்த பின்

காய்ச்சல் தணிந்தால் வியாதி தீர்ந்ததென்று கருதுவது ஜனங்களின் வழக்கம். சர்க்காரின் கணக்கும் அத்துடன் முடிந்துவிடுகிறது. இது பிழையென்பதை 2006-ஆம் வருஷத்துச் சிக்குன்குனியா நன்கு உணர்த்திற்று. அவ்வருஷம் நாடெங்கும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. காய்ச்சல் சில தினங்களில் நீங்கிற்று. மூட்டுவலியோ பலரை மாதக்கணக்கில், சிலரை வருஷக்கணக்கில் வாட்டிற்று. வைரஸ் கிருமி இரத்தத்தைவிட்டு மறைந்த பின்னும், அது மூட்டிய அழற்சி அடங்காதிருப்பதே காரணமென வைத்தியர்கள் கருதுகின்றனர்.

கோவில்பட்டிக் கரிசல் சீமையில் இது பிழைப்பைப் பற்றிய விஷயம். விரல் மடங்காதவர் தீப்பெட்டி ஒட்டுவதெப்படி? முழங்கால் மடங்காதவர் களையெடுப்பதெப்படி?

இந்நோயைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சேமித்து வைத்த நல்ல தண்ணீரில் வளர்வது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் கெடாதிருக்கும். ஆகவே தொட்டிகளையும் குடங்களையும் வாரமொருமுறை தேய்த்துக் கழுவி மூடிவைப்பது நம் கடமை. ஆனால் தினமும் தண்ணீர் வராத இடத்தில் ஜனங்கள் அதைச் சேமிப்பது குற்றமாகாது. ஒழுங்காகத் தண்ணீர் வழங்குவதும், காய்ச்சலுக்குப் பின் முடங்கியோரைப் பதிவு செய்து தொடர்ந்து சிகிச்சை அளிப்பதும் சர்க்காரின் கடமை. காய்ச்சலை மட்டும் எண்ணினால் போதாது. முடங்கிய கைகளையும் எண்ணவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.