டிசம்பர் 25 யார் குறித்த நாள்?

டிசம்பர் பிறந்ததும் பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள தெருக்களில், புளியந்தோப்பு, வியாசர்பாடி, மூலக்கொத்தளம் பக்கமெல்லாம், மொட்டைமாடிக் கம்பியில் காகித ஸ்டார் ஏறிவிடும். உள்ளே பல்பு போட்டு, மழையில் நனையாமலிருக்க பாலித்தீன் கவரும் மாட்டியிருப்பார்கள். அதே தெருவில் ஞாயிறு தவறாமல் பைபிளும் கையுமாகச் சபைக்குப் போகும் இன்னொரு குடும்பம் இருக்கும். அந்த வீட்டில் ஸ்டார் இருக்காது, குடில் இருக்காது. கேக் கொண்டுபோய்க் கொடுத்தால், “நாங்க இதெல்லாம் கொண்டாடறதில்லைங்க” என்று சிரித்தபடி சொல்லிவிடுவார்கள்.

அக்கம்பக்கத்தாருக்கு இது புரிவதில்லை. அவர்களும் கிறிஸ்தவர்கள்தானே? கிறிஸ்து பிறந்த நாளைக் கிறிஸ்தவரே ஒதுக்குவானேன்? “அது புறமதப் பண்டிகை, பைபிளில் இல்லை” என்பது ஒரு தரப்பு. “ஆதி திருச்சபையிலிருந்து வந்த மரபு” என்பது மறு தரப்பு. இரண்டிலும் எது ஆதாரம், எது நம்பிக்கை, எது வெறும் கதை என்று பிரித்துப் பார்ப்போம்.

பைபிளில் தேதி உண்டா?

இல்லை. இதில் எந்தப் பிரிவுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. நான்கு நற்செய்திகளில் மத்தேயுவும் லூக்காவும் மட்டுமே இயேசுவின் பிறப்பைச் சொல்கின்றன. இரண்டிலும் நாளோ மாதமோ இல்லை. மேய்ப்பர்கள் இரவில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார். “குளிர்காலத்தில் ஆடுகளை வெளியே விடமாட்டார்கள், ஆகவே டிசம்பர் இல்லை” என்று சிலர் இதிலிருந்து வாதிடுவார்கள். பெத்லகேம் பகுதியில் குளிர்காலத்திலும் ஆடு மேய்ந்தது என்று மற்றவர்கள் பதில் சொல்வார்கள். இந்த ஒரு வரியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆரம்பகால கிறிஸ்தவர்களுக்குப் பிறந்தநாள் பெரிய விஷயமாகவே படவில்லை. வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜன் குத்தலாகவே எழுதினார். அவருக்கு முன்பு, கி.பி. 200 வாக்கில், அலெக்சாந்திரியாவின் கிளமென்ட் தம் காலத்தில் சிலர் சொல்லிவந்த பிறந்த தேதிகளைக் குறித்துவைத்தார். அவை நம் கணக்கில் ஏப்ரல், மே மாதங்களில் விழுகின்றன. டிசம்பர் 25ஐ அவர் சொல்லவில்லை.

அந்தத் தேதி ஐயமின்றிக் கிடைக்கும் பழைய ஆவணம், 354ஆம் ஆண்டு ரோமில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி நூல். அதிலுள்ள ஒரு பட்டியல் 336 வாக்கில் தயாரானது என்பது அறிஞர் கணிப்பு. டிசம்பர் 25க்கு நேரே, கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார் என்று அதில் எழுதியிருக்கிறது. அதே நூலின் இன்னொரு பகுதியில், அதே தேதிக்கு நேரே, “வெல்லப்படாதவரின்” பிறந்தநாள் என்றும் முப்பது தேர்ப் பந்தயங்கள் என்றும் இருக்கிறது. வெல்லப்படாதவர் என்பது சூரிய தெய்வத்துக்கு ரோமர் தந்த பட்டம். பின்னால் வந்த சண்டை முழுவதற்கும் மூலம் இந்த இரண்டு குறிப்புகளே.

சூரிய விழாவிலிருந்து வந்ததா?

274இல் பேரரசர் ஆரேலியன் ரோமில் சூரிய தெய்வத்துக்குப் பெரிய கோயில் எழுப்பினார். ரோமர் வழக்கில் டிசம்பர் 25தான் பகல் மீண்டும் வளரத் தொடங்கும் நாள். உண்மையில் நான்காம் நூற்றாண்டில் அந்தத் திருப்பம் சில நாள் முன்னதாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் பழைய தேதி விடவில்லை. நம் பஞ்சாங்கமும் இப்படித்தான். சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21, 22இல். நாம் உத்தராயணம் என்பது தை முதல் நாளை. வானம் நகர்ந்துவிட்டது, வழக்கம் நகரவில்லை.

மக்கள் ஏற்கெனவே கொண்டாடிய நாளில் திருச்சபை தன் விழாவை வைத்தது என்பது இந்தத் தரப்பின் வாதம். 12ஆம் நூற்றாண்டு சிரியாக் மொழி நூல் ஒன்றில், ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பு இதை நேராகவே சொல்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் யப்லோன்ஸ்கி என்ற புராட்டஸ்டன்ட் அறிஞர் இதை எடுத்துப் பேசினார். 1889இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் உசேனர் விரிவான நூலாகவே எழுதினார்.

இந்த வாதத்தின் பலவீனம் என்ன? சிரியாக் குறிப்பு, சம்பவத்துக்கு ஏறக்குறைய எண்ணூறு ஆண்டு பிந்தியது. “சூரிய விழாவை மாற்றத்தான் இந்த நாளை வைத்தோம்” என்று நான்காம் நூற்றாண்டு ஆயர் எவரும் எழுதிவைக்கவில்லை. டிசம்பர் 25இல் சூரிய விழா நடந்ததற்கான பழைய சான்றும் அதே 354ஆம் ஆண்டு நூல்தான். எது முந்தியது என்று அந்த நூலைக் கேட்டால் பதில் வராது. பலர் சொல்லும் ரோமரின் சாட்டர்னாலியா விழாவோ டிசம்பர் 17இல் தொடங்கி 23க்குள் முடிந்துவிடும்.

அதற்காகச் சூரியனுக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ரோமில் கிறிஸ்தவர்களே புனித பேதுரு ஆலயப் படியில் ஏறி, உள்ளே போகுமுன் திரும்பி உதயசூரியனை வணங்குகிறார்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டில் போப் முதலாம் லியோ கடிந்துகொண்டார். அந்தப் பழக்கம் ஜனங்களின் உடம்பில் ஊறியிருந்தது.

கணக்கிலிருந்து வந்ததா?

உசேனர் எழுதிய அதே 1889இல், பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குரு லூயி துஷேன் வேறு வழி காட்டினார். இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்ற கணக்கு 200 வாக்கிலேயே கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனிடம் இருக்கிறது. இறந்த நாளும் தாய் வயிற்றில் கருவான நாளும் ஒன்றே என்று அக்காலத்தார் நம்பியிருந்தால், மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணுங்கள். டிசம்பர் 25. கிழக்குப் பகுதிகளில் சிலர் சிலுவை மரணத்தை ஏப்ரல் 6 என்றார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. கிழக்கு நாடுகள் முதலில் கொண்டாடியதும் அந்த நாளைத்தான்.

இரண்டு தேதிகளையும் ஒரே கணக்கு விளக்குவதுதான் இதன் கவர்ச்சி. புனித அகுஸ்தீனும் மார்ச் 25, டிசம்பர் 25 இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். போப் ஆவதற்கு முன் கர்தினால் ராட்சிங்கர் 2000இல் எழுதிய வழிபாடு பற்றிய நூல் இந்தப் பக்கமே சாய்கிறது. குறை என்னவென்றால், கருவானதும் இறந்ததும் ஒரே நாள் என்று தெளிவாகச் சொல்லும் எழுத்துகள் பண்டிகை நிலைபெற்ற பிறகு வந்தவை. முதலில் கணக்குப் போட்டு நாள் குறித்தார்களா, குறித்த நாளுக்குப் பிறகு கணக்குத் தேடினார்களா என்ற கேள்வி மிஞ்சுகிறது.

நிம்ரோது கதை

வாட்ஸ்அப்பிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அதிகம் சுற்றுவது மூன்றாவது கதை. டிசம்பர் 25 பாபிலோன் அரசன் நிம்ரோதின் பிறந்தநாள், அவன் மனைவி செமிராமிஸ், மகன் தம்மூஸ், கிறிஸ்துமஸ் மரம் அவர்களுடைய சின்னம். படிப்பதற்குத் தொல்பொருள் ஆய்வு போலவே இருக்கும்.

இதைப் பரப்பியவர் யாரென்று தெரியும்: ஸ்காட்லாந்து சுதந்திர திருச்சபைப் போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லப். 1853இல் சிறு பிரசுரமாக எழுதியதை 1858இல் ‘இரண்டு பாபிலோன்கள்’ என்று பெரிய நூலாக்கினார். கத்தோலிக்க வழிபாடு முழுக்கப் பாபிலோனியச் சரக்கு என்று காட்டுவதே நோக்கம். பைபிளில் நிம்ரோது வருகிறான். ஆனால் அவனுக்கு மனைவி பெயரும் இல்லை, பிறந்த தேதியும் இல்லை. ஆப்பெழுத்துக் களிமண் பலகைகளிலும் இந்தக் குடும்பக் கதைக்கு ஆதரவு கிடையாது. ஹிஸ்லப்பை நம்பி 1966இல் இதே கருத்தைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் போதகர் ரால்ஃப் வுட்ரோ, பின்னர் ஆதாரங்களைச் சரிபார்த்து, தம் நூலையே நிறுத்திவிட்டு 1997இல் மறுப்பு நூல் எழுதினார். முந்தைய கதை பரவிய அளவுக்கு மறுப்பு பரவவில்லை.

ஒரே ஊரில் இரண்டு டிசம்பர்

தேதி வேறுபாடு வடசென்னைக்குப் புதிதல்ல. ஜார்ஜ் டவுன் அர்மீனியன் தெருவில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் நிற்கும் அந்தோணியார் கோயிலை ஒட்டியே 1772இல் கட்டிய அர்மீனிய ஆலயம் இருக்கிறது. அர்மீனியத் திருச்சபைக்குக் கிறிஸ்து பிறப்பு ஜனவரி 6, ஞானஸ்நான விழாவோடு சேர்த்து. நான்காம் நூற்றாண்டின் கடைசியில் கான்ஸ்தாந்திநோபிளும் அந்தியோக்கியாவும் டிசம்பர் 25க்கு மாறியபோது அர்மீனியர் மாறவில்லை. கத்தோலிக்க மரபில் அதே ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். ரஷ்யரின் ஜனவரி 7 வேறு சங்கதி: பழைய ஜூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25 இப்போது அங்கே விழுகிறது.

கோட்டையிலும் இந்தக் குழப்பம் இருந்தது. 1752 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியையே வைத்திருந்தார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்களிடம் ஜார்ஜ் கோட்டை விழுந்தது ஆங்கிலேயர் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. அக்காலத்தில் சாந்தோம் கத்தோலிக்கர் கிறிஸ்துமஸ் முடித்துப் பதினொரு நாள் கழித்தே கோட்டை ஆங்கிலேயருக்கு டிசம்பர் 25 வரும்.

இன்று யார் என்ன சொல்கிறார்கள்?

கத்தோலிக்கருக்கு வேதத்தோடு திருச்சபை மரபும் அதிகாரம் உடையது. ராயபுரம் ராயப்பர் கோயிலில் நள்ளிரவுப் பூசைக்கு வருபவருக்கு டிசம்பர் 25 சரித்திரத் தேதியாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிறப்பை நினைவுகூரத் திருச்சபை குறித்த நாள், அவ்வளவே. லூத்தரன் சபைகள், சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை ஆகியவற்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

ஆனால் சி.எஸ்.ஐ.க்குள் ஒரு சுவாரசியம் உண்டு. 1647இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடைசெய்தது. 1659இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்றது. காரணம், வேதத்தில் இல்லாத விழா என்ற பியூரிட்டன் கொள்கை. ஸ்காட்லாந்தில் 1958இல்தான் கிறிஸ்துமஸுக்கு அரசு விடுமுறை வந்தது. அந்தக் கொள்கையின் வழிவந்த காங்கிரிகேஷனல், பிரெஸ்பிட்டேரியன் மரபுகளும், கிறிஸ்துமஸை விடாத ஆங்கிலிக்கன் மரபும், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஒரே திருச்சபையாக இணைந்தன. இன்று எல்லாரும் சேர்ந்து கேரல் பாடுகிறார்கள்.

பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் ஒரே பதில் கிடையாது. சில சபைகள் கிறிஸ்துமஸ் ஆராதனை வைக்கும், மரமும் ஸ்டாரும் வேண்டாம் என்னும். சில முழுவதும் தவிர்க்கும். நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று பவுல் கலாத்தியரைக் கடிவது இவர்கள் எடுக்கும் வசனம். காட்டில் வெட்டி அலங்கரித்த மரம் பற்றிய எரேமியா பத்தாம் அதிகாரத்தையும் காட்டுவார்கள். அது மரத்தில் செதுக்கிய விக்கிரகத்தைப் பற்றியது என்று மற்றவர்கள் சொல்வார்கள். கொண்டாடுவோர் ரோமர் பதினாலாம் அதிகாரத்துக்குப் போவார்கள்: நாளை விசேஷிப்பதும் விசேஷிக்காததும் அவரவர் மனசாட்சி. திருமறைச் சட்டத்தில் இல்லாத தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது இயேசு எருசலேம் தேவாலயத்தில் இருந்தார் என்று யோவான் பத்தாம் அதிகாரத்தையும் சேர்ப்பார்கள். யெகோவாவின் சாட்சிகளும் 1926 வரை கொண்டாடியவர்களே; பிறகு புறமத மூலம் என்று நிறுத்தினார்கள்.

இரண்டு கேள்விகள், ஒன்றல்ல

இந்த விவாதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தேதி எங்கிருந்து வந்தது என்பது சரித்திரக் கேள்வி. கொண்டாடலாமா என்பது விசுவாசக் கேள்வி. முதலாவதற்கு விடை கிடைத்தாலும் இரண்டாவது தீராது. நாளைக்கே ஒரு கல்வெட்டு கிடைத்துச் சூரிய விழாதான் முந்தியது என்று உறுதியானாலும் கத்தோலிக்கர் பூசையை நிறுத்தப் போவதில்லை. சூரியனின் நாளைச் சூரியனைப் படைத்தவருக்குத் திருப்பினோம் என்பார்கள். கணக்குதான் சரி என்று நிரூபணமானாலும் கொண்டாடாத சபை ஸ்டார் கட்டப் போவதில்லை; வேதம் கட்டளையிடவில்லை என்பார்கள்.

நம் ஊர்ப் பொங்கலிலேயே இதைப் பார்க்கலாம். தை மாதம் கோயில் வளாகத்தில் பானை வைத்துப் பொங்கலிடும் கத்தோலிக்கரும், சூரியனுக்கு வைப்பது என்று ஒதுங்கும் சபையாரும், பொங்கலின் மூலத்தைப் பற்றிச் சண்டை போடுவதில்லை. மூலம் தெரிந்தே ஒருவர் ஏற்கிறார், மற்றவர் விடுகிறார்.

ஆகவே அடுத்த டிசம்பரில் இந்தப் பேச்சு வந்தால் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். “தேதி பைபிளில் இல்லை” என்றால் அது உண்மை. “சூரிய விழாவிலிருந்து வந்தது” என்றால் சாத்தியம் உண்டு, நிரூபணம் இல்லை. “கணக்கிலிருந்து வந்தது” என்பதும் அப்படியே. “நிம்ரோதின் பிறந்தநாள்” என்றால் ஆதாரம் கிடையாது. “நாங்கள் கொண்டாடுவதில்லை” என்றால் அது அந்த வீட்டாரின் முடிவு. அதற்கு நிம்ரோது தேவையில்லை, எதிர்வாதமும் தேவையில்லை.